உடன்பிறந்தவர்: யாருமில்லை

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் கிளிப்மொந்துக்கு விருந்தாளியாக யாரும் வந்துவிடாதீர்கள். அது எங்கள் ஊரில் வயிறு கழுவும் வாரம். கேப் டவுனிலிருந்து பெரிய டாக்டர்கள் குழாயும் கேமராவுமாக வருடத்துக்கு ஒரு முறை மலைமேல் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்கள் முந்தின நாளே நாலு லிட்டர் மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் காலி செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் பத்தொன்பது பேர். அதில் பதினொரு பேர் ஒரே தெரு. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு கக்கூஸ்தான். மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களை ஏற்றிப்போகிற ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டுபவன் நான். இருநூறு கிலோமீட்டர், அதில் பாதி மண் ரோடு. எல்லா சீட்டுக்கும் பிளாஸ்டிக் விரித்துவிடுவேன். வழியில் எந்தப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கலாம் என்பது எனக்கு அத்துப்படி. ஏறும்போது எல்லாரும் என்னைத் திட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், பொட்டலத்தில் ரொட்டி வைத்திருக்கிறவனைச் சபிப்பார்கள். சிரிப்பும் கூத்துமாகத்தான் போவோம். திரும்பும்போது யாராவது ஒருவர் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த ஒருவர் யார் என்பது போகும்போது யாருக்கும் தெரியாது.

அந்த வருடம், இரண்டாயிரத்து நாலில், புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் டிரீக்கா வீட்டுக்குப் போனேன். எத்தனை மணிக்கு வண்டி என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அவள் வீட்டுக் காப்பி மணம் என்னை எப்போதும் உட்கார வைத்துவிடும்.

டிரீக்கா மீன் பிளப்பவள். ஸ்னூக் வருகிற பருவத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு மீன் அவள் கையில் பிளபடும். ஸ்னூக் என்றால் ஒரு கை நீளம், வாய் நிறைய ஊசிப் பல். முதுகோடு கத்தியை இறக்கி, ஒரே இழுப்பில் புத்தகம் மாதிரி விரித்து, குடலை வழித்து வாளியில் தள்ளி, உப்பைத் தேய்த்துக் கம்பியில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். பேச்சு நிற்காது, கத்தியும் நிற்காது. அவள் புருஷன் ஹென்னஸ் இறந்து பத்து வருடம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில் குடலில் கட்டி. "மீன் குடலைப் பார்த்தே எது சீக்குன்னு சொல்லிடுவேன் அண்ணே. என் வீட்டுக்காரர் வயித்துல மூணு வருஷமா வளர்ந்தது எனக்குத் தெரியல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

அன்று மேசையில் அவள் மகள் ராகெல் ஜாடியோடு போராடிக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது.

"குடிடி. இது மூணாவது லிட்டர்."

"இதக் குடிக்கிறதுக்குப் பதிலா துறையில போயி வாயத் திறந்துக்கிட்டு நின்னுடலாம்மா. அதே உப்பு, அதே நாத்தம்."

"போன வருஷம் உன் குடல்லேருந்து ரெண்டு மொட்டு எடுத்தாங்களே, மறந்துட்டியா?"

"எங்க மறக்க? டாக்டர் டிவியில போட்டுல்ல காட்டினாரு. ஒண்ணு அப்படியே உங்க மாமனார் மூக்கு."

மூலையில் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்த கிழவர் ஃப்ளோரிஸ் தலையைத் தூக்கவில்லை. "என் மூக்குத்தான் உனக்கும். போயி கண்ணாடியப் பாரு" என்றார்.

அவருக்கு எழுபத்தாறு. மகனைக் கொன்ற வியாதியின் வித்து அவர் ரத்தத்திலும் உண்டு என்று பரிசோதனையில் வந்துவிட்டது. ஆனால் அவருடைய குடல் மட்டும் கல்லாட்டம் இருக்கிறது. மகனுக்குக் கொடுத்தார், பேத்திக்கும் கொடுத்தார், தான் மட்டும் ஆட்டுக் கொழுப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று டிரீக்கா கோபம் வரும்போது சொல்வாள். அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

இந்த ரத்த விஷயத்தை எங்களுக்குப் புரிய வைத்தவள் நர்ஸ் ஃபிரன்சீனா. எங்கள் பக்கத்துப் பெண்தான். கெட்டியான சுருட்டை முடி. எழுதாத நேரத்தில் பென்சிலை அந்த முடியில் செருகி வைத்துக்கொள்வாள், எவ்வளவு ஓடினாலும் விழாது. ஹென்னஸ் போய் நாலு வருடம் கழித்து, தொண்ணூற்றெட்டில், அவள் குடும்ப மரம் போட இதே மேசையில் பெரிய தாளை விரித்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். செத்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு.

"உடம்பு ஒரு பெரிய எழுத்து வரிசைன்னு வச்சுக்குங்க" என்றாள். "அதுல ஒரு எழுத்து மாறிப்போச்சு. ஐரோப்பாவுல இந்த நோய் வர்ற குடும்பங்கள்ல வேற எழுத்து மாறியிருக்கும். கறுப்பு ஜனங்கள்ல இன்னொண்ணு. நம்ம கரையில இருக்கிற குடும்பங்கள்ல எல்லாம் இந்த ஒரே எழுத்து, ஒரே இடம். அப்படின்னா எல்லாருக்கும் முன்னாடி எங்கயோ ஒரே ஒரு ஆளு."

"யாரு அந்தப் புண்ணியவான்?" என்று ஃப்ளோரிஸ் கேட்டார்.

"கப்பல்ல வந்த வெள்ளைக்காரனா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. யாருக்கும் நிச்சயமாத் தெரியாது."

"அப்ப சரி. நிலத்த எடுத்துக்கிட்டான், இத விட்டுட்டுப் போனான்" என்றார் கிழவர். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு அவள் கிழவரிடம் கேட்டாள்: "பெரியப்பா, உங்க கூடப் பிறந்தவங்க?"

"யாருமில்ல."

ஃபிரன்சீனா அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த அடுப்படியில் நானும் இருந்தேன். கையில் காப்பி இருந்தது. அவருக்கு லூக்காஸ் என்று ஓர் அண்ணன் இருந்தது எனக்குத் தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும், கோயில் மணி அடிப்பவனுக்குத் தெரியும், ஊரில் அறுபது தாண்டிய எல்லாருக்கும் தெரியும். நான் காப்பியைக் குடித்தேன்.

இதைக் கேட்டு எங்களைப் பொய்யர்கள் என்று நினைக்காதீர்கள். ஐம்பத்தொன்றில் அரசாங்கத்து ஆள் ஒருவன் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, எங்களை வெள்ளை என்றும் பழுப்பு என்றும் பிரித்து எழுதினான். சந்தேகம் வந்த தலையில் பென்சிலைச் செருகிப் பார்த்தான். சுருட்டையில் நின்றால் பழுப்பு, விழுந்தால் வெள்ளை. ஃப்ளோரிஸின் தலையில் பென்சில் நின்றது. லூக்காஸின் தலையிலிருந்து விழுந்தது. ஒரே தாய் வயிறு, ஒரே சீப்பு. அந்தப் பென்சில் விழுந்ததில் லூக்காஸுக்கு ரயில்வேயில் வெள்ளைக்காரன் வேலை, வெள்ளைக்காரன் வீடு, வெள்ளைக்காரி பெண்டாட்டி எல்லாம் கிடைத்தன. போவதற்கு முன் தம்பியின் படகுக்கு வந்து கெஞ்சினானாம். யார் கேட்டாலும் எனக்குத் தம்பி இல்லை, உனக்கு அண்ணன் இல்லை. தம்பி சத்தியம் செய்து கொடுத்தார்.

அப்படி அந்தப் பக்கம் போனவர்கள் ஊருக்கு ஐந்தாறு பேர் உண்டு. கேப் டவுன் தெருவில் எதிரே வந்தால் நாங்கள் கடைக் கண்ணாடியில் ஏதோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வோம். ஒரு வணக்கம் போதும், அவர்கள் வேலை போகும், வீடு போகும், பிள்ளைகள் பள்ளியை விட்டுத் துரத்தப்படுவார்கள். தெரியாத மாதிரி இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாசம். அவர்கள் அம்மா செத்தபோது லூக்காஸ் வாடகைக் காரில் வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைத் தாண்டிப்போன ஃப்ளோரிஸ் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. நிறம் பிரிக்கிற சட்டமெல்லாம் தொண்ணூற்றொன்றிலேயே போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

மறுபடி இரண்டாயிரத்து நாலுக்கு வருகிறேன். அந்த முறை ராகெலுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. டிரீக்கா திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். சுருதி சேராத குரல், ஆனால் நான் ரேடியோவை அணைத்து வைத்தேன்.

அடுத்த வாரம் கிழக்கிலிருந்து சூட்டுக்காற்று அடித்தது. மீன் சீக்கிரம் காயும், மனுஷனுக்கும் தலை காயும். துறையில் டிரீக்கா பிளக்கிற மேசைக்குப் பக்கத்தில் நான் படகுக்காரர்களோடு வம்பளந்துகொண்டிருந்தபோது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. முப்பது வயது சொல்லலாம், ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். கையில் ஒரு கோப்பு.

"பூ பார்க்கணும்னா இன்னும் உள்ள போகணும் மேடம். இங்க குடல்தான் இருக்கு" என்றாள் டிரீக்கா. ஆகஸ்டில் எங்கள் பக்கம் வரும் வெளியூர்க் கார்களெல்லாம் காட்டுப்பூ பார்க்க வருபவைதான்.

"ஃப்ளோரிஸ்ங்கிறவரப் பார்க்க வந்தேன்."

"அவரு என் மாமனார். என்ன விஷயம்?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "என் பேரு அன்னலீஸ். எங்க தாத்தா பேரு லூக்காஸ்."

கத்தி நின்றது. டிரீக்காவின் கத்தி பாதி மீனில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நானும் பின்னாலேயே போனேன், யாரும் கூப்பிடவில்லை. கிழவர் வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார். பழைய பழக்கம். "உட்காருங்க அம்மணி" என்றார். தாம் நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க உட்காருங்க தாத்தா" என்றாள் அன்னலீஸ். தாத்தா என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சுவரைப் பார்த்தார்.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச் மாதம் அவளுக்கு மலத்தில் ரத்தம் போயிருக்கிறது. நகரத்து டாக்டர் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டார். ரத்தத்தையும் சோதித்தார். மாறியிருந்தது எங்கள் கரைக்காரர்களின் அதே எழுத்து, அதே இடம். உங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் உண்டா என்று டாக்டர் கேட்டாராம். அவள் வீட்டுக்குப் போய், செத்துப்போன அப்பாவின் பெட்டியைக் கிண்டியிருக்கிறாள். அடியில் லூக்காஸின் ஞானஸ்நானச் சீட்டு. அதில் எங்கள் கோயிலின் பெயர். கூடவே இன்னொரு தாள்.

அதை மேசைமேல் வைத்தாள். டிரீக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் படித்தாள். அன்னலீஸின் அப்பா அந்திரீஸுக்கும் குடலில் கட்டி வந்து, தொண்ணூற்றொன்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இது பரம்பரை போலத் தெரிகிறது, உங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொடுங்கள், கூப்பிட்டுச் சோதிக்கிறோம் என்று டாக்டர் கொடுத்த படிவத்தின் நகல் அது.

"தொண்ணூத்தொண்ணு" என்றாள் டிரீக்கா. "என் வீட்டுக்காரர் படுத்தது தொண்ணூத்துமூணு."

தாளை மேசையில் வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினாள்.

"உங்கப்பா என்ன எழுதியிருக்காரு பாத்தியா?" அவள் மரியாதையை விட்டுவிட்டாள். "யாருமில்லைன்னு எழுதியிருக்காரு. அழகான கையெழுத்து. எங்களத் தெரியுமா அவருக்கு?"

"தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அன்னலீஸ். "சீட்ட ஒளிச்சுல்ல வச்சிருந்தாரு."

கிழவர் இப்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "அத இன்னொரு தடவ வாசி பிள்ளே. அந்த இடத்த மட்டும்."

"அப்பாவின் உடன்பிறந்தவர், யாருமில்லை" என்று டிரீக்கா வாசித்தாள்.

கிழவர் தலையாட்டினார். "நல்ல பையன்" என்றார். "அவங்கப்பன் சொன்ன சொல்ல அவனும் காப்பாத்தியிருக்கான்."

நான் டிரீக்காவின் கையைத்தான் பார்த்தேன். நல்லவேளை, கத்தி துறையில் கிடந்தது.

"நல்ல பையனா?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குழாயப் போட்டுப் பாத்திருந்தா உங்க மகன் இன்னிக்குப் படகுல இருப்பாரு. ராகெலுக்கு எடுக்கிறாங்களே மொட்டு, அந்த மாதிரி கிள்ளிப் போட்டிருப்பாங்க. நாப்பத்தோரு கிலோவாப் புதைச்சேனே மாமா, நான்தானே குளிப்பாட்டினேன். உங்க சொல்லு அவரத் தின்னுடுச்சு."

"அவன் சொல்லு."

"ரெண்டு பேரு சொல்லும்தான்! நர்ஸ் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? நீங்க அன்னிக்கு ஒரு பேரச் சொல்லியிருந்தா இந்தப் பொண்ண ஆறு வருஷம் முன்னாடியே கூப்பிட்டிருப்பாங்க."

கிழவர் ஈயக்குண்டைக் கையில் உருட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்னலீஸ் வந்தது மன்னிப்புக் கேட்க மட்டும் அல்ல. அவளுக்கு வெர்னர் என்று ஒரு தம்பி, இருபத்தொன்பது வயது. அவனுக்கும் ஒரு வருடமாக ரத்தம் போகிறது. மூலம் என்று சொல்லிக்கொண்டு களிம்பு பூசுகிறான்.

"எவ்வளவோ சொல்லிட்டேன் அக்கா. ஆஸ்பத்திரி கொடுத்த தாள்ல 'மேற்குக் கரைப் பழுப்பு இனக் குடும்பங்களில் காணப்படுவது'ன்னு போட்டிருந்துச்சு. அதப் படிச்சிட்டு, இது அவங்க வியாதி, நமக்கு எப்படி வரும், உன் ரத்தத்த யாரோடதோடயோ மாத்திட்டாங்கன்னு சொல்றான். ஞானஸ்நானச் சீட்டக் காட்டினா, வேற லூக்காஸ்ங்கிறான். அவன் மாமனார் வெள்ளை ரத்தம்னு பெருமை பேசற பழைய ஆளு, சபையில மூப்பர். விஷயம் தெரிஞ்சா வீடே இடிஞ்சுடும்னு பயம்."

"சாகறத விட அது பெரிசாக்கும்?" என்றாள் டிரீக்கா.

"கடைசியில ஒண்ணு சொன்னான். அந்தக் கிழவரே என் முகத்தப் பாத்து, உன் தாத்தா என் அண்ணன்னு சொல்லட்டும், அடுத்த நாளே குழாயப் போட்டுக்கிறேன்னு." அவள் கிழவரைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை போதும் தாத்தா."

"சத்தியம் பண்ணியிருக்கேன் அம்மணி" என்றார் அவர்.

டிரீக்கா நாலு நாள் அவரோடு பேசவில்லை. கரித்தணலில் ரொட்டி சுட்டு, ஸ்னூக் தலைச் சாறு வைத்து, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் துறைக்குப் போய்விடுவாள். ராகெல்தான் நடுவில் மாட்டிக்கொண்டாள். "தாத்தா, எனக்கு ரெண்டு மொட்டு. எடுக்காம விட்டிருந்தா நானும் அப்பா பக்கத்துல படுத்திருப்பேன். அவனும் நானும் ஒரே ரத்தம்தானே" என்று அவரிடம் சொன்னாளாம். ஐந்தாம் நாள் காலையில் அவர் ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "வரச் சொல்லு. சொல்லிடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த நேரம். கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து தெருவை நிரப்பியிருந்தது. கார் வந்து நின்றது, அன்னலீஸ் முதலில் இறங்கினாள். வெர்னர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தான், கண்ணாடி ஏற்றியே இருந்தது. மெலிந்திருந்தான், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. டிரீக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ஹென்னஸ் இப்படித்தான் ஆரம்பிச்சாரு அண்ணே" என்று என் காதில் சொன்னாள்.

கிழவர் கோயில் கோட்டோடு நடந்து காரருகே போனார். கண்ணாடி கீழே இறங்கியது.

நான் லூக்காஸைச் சின்ன வயதில் ஒரே முறை பார்த்திருக்கிறேன், அந்த வாடகைக் காரில். சாம்பல் நிறக் கண். அதே கண் இப்போது இன்னொரு காருக்குள்ளிருந்து கிழவரைப் பார்த்தது.

"நீதான் ஃப்ளோரிஸா?" என்றான் வெர்னர். எழுபத்தாறு வயது மனிதரை 'நீ' என்றான்.

"ஆமாங்க."

"நீ எங்க தாத்தாவுக்குத் தம்பின்னு சொல்றாங்க." அவன் குரல் நடுங்கியது. "நெசமா?"

கிழவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லீங்க எசமான்" என்றார். "எனக்கு அண்ணன் கிடையாது."

வெர்னர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பொய்!" டிரீக்கா பாய்ந்து கார் கதவைப் பிடித்தாள். "பொய் சொல்றாரு! தம்பி, கேளுப்பா, இவரு உங்க தாத்தாவோட சொந்தத் தம்பி. உன்ன மாதிரியே என் வீட்டுக்காரரு மெலிஞ்சாரு. நாளைக்கே போ, உன் கால்ல விழறேன், நாளைக்கே போ!"

"பெரியவரே இல்லைங்கிறாரும்மா" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க! உங்களுக்குத் தெரியும்ல!" அவள் என் பக்கம் திரும்பினாள்.

நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவன் இன்ஜினைப் போட்ட பிறகு சொன்னேன். அன்னலீஸ் அழுதுகொண்டே ஓடிப்போய்க் காரில் ஏறினாள், கார் பனிக்குள் போய்விட்டது.

டிரீக்கா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிழவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லத்தான் போனேன் பிள்ளே" என்றார். "அவன் பதில் கேக்கல. இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லுன்னு அந்தக் கண்ணு கெஞ்சுச்சு. படகுல லூக்காஸ் அப்படித்தான் பாத்தான். அந்த மூஞ்சியப் பாத்து எனக்கு வேற வார்த்தை வரல."

"அவன் பொய்யத்தான் கேட்டான் மாமா" என்றாள் டிரீக்கா. "அதக் கொடுத்து நீங்க அவன் உயிர எடுத்துட்டீங்க."

அடுத்த ஆகஸ்டும் வந்தது. தெரு முழுக்க ஜாடியும் சிரிப்புமாக இருந்தது. காலையில் வண்டியை எடுத்தபோது, பட்டியலில் இல்லாத கிழவர் கோயில் கோட்டோடு வந்து முன் சீட்டில் ஏறினார். அவருக்கு விரித்திருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கூட யாரும் கேலி பேசவில்லை. மூன்று மாதம் முன்பு, மே மாதம், அன்னலீஸ் டிரீக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். வெர்னரை வெட்டித் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்களாம். அதற்குப் பிறகு ஆறு வாரம்தான் இருந்தான்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் எங்கள் ஆட்கள் உடுப்பு மாற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் அன்னலீஸும் இருந்தாள். நகரத்தில் அவளுக்கு நல்ல ஆஸ்பத்திரி உண்டு, இருந்தாலும் இங்கே வந்திருந்தாள். ராகெல் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள். எங்கள் பெண்கள் அவளையும் கேலி செய்தார்கள், உன் ஊர்க் கக்கூஸ் எங்க ஊர்க் கக்கூஸைவிடப் பெரிசா என்று. அவள் சிரிக்க முயன்றாள்.

கிழவர் நேரே ஃபிரன்சீனாவின் மேசைக்குப் போனார். டிரீக்காவும் நானும் பின்னால் நின்றோம்.

"அந்தத் தாள எடும்மா" என்றார். "ஒண்ணு விட்டுப்போச்சு. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். லூக்காஸ்னு பேரு."

ஃபிரன்சீனா தாளை எடுத்து விரித்தாள். பிறகு முடியிலிருந்து பென்சிலை உருவினாள். கிழவர் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காரா?"

"இல்ல. நாப்பத்துநாலு வயசுல போயிட்டான். வயித்துலதான்."

கட்டம் போட்டாள், மேலே கோடு இழுத்தாள். அதன் கீழே அந்திரீஸ். கட்டம், கோடு. அதன் கீழே அன்னலீஸுக்கு ஒரு வட்டம். பக்கத்தில் வெர்னர். கட்டம், கோடு. போட்ட கையோடு கோடும் இழுப்பதற்கு அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, பென்சிலை அழுத்தினாள்.

"அவருக்குப் பிள்ளைங்க?"

"ரெண்டு" என்று அன்னலீஸ் அங்கிருந்தே சொன்னாள். "எட்டு வயசுல ஒண்ணு, அஞ்சு வயசுல ஒண்ணு. அவங்கம்மா எனக்குக் கதவத் திறக்கறதில்ல. அது எங்க குடும்பத்து வியாதி இல்லைன்னு அந்தக் கிழவரே சொல்லிட்டாராம்ல, அதையே சொல்றா."

கிழவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைங்களுக்கு இப்பவே பாத்துடலாமா?" என்று ஃபிரன்சீனாவிடம் கேட்டார்.

"பதினெட்டு ஆகணும் பெரியப்பா. அப்ப அவங்களே வந்து கேக்கணும். யாராவது போயிச் சொன்னாத்தானே வருவாங்க."

"நான் சொன்னா நம்புவாங்களா?"

"இல்லைன்னு நீங்க சொன்னத நம்பினாங்கல்ல" என்றாள் டிரீக்கா. "அப்ப ஆமான்னும் நீங்கதான் சொல்லணும். மூத்ததுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பத்து வருஷம்."

"எனக்கு இப்பவே எழுபத்தேழு."

"எண்பத்தேழு வரைக்கும் இருங்க." அவள் கைப்பையைத் திறந்து, வீட்டில் சுட்டுக் கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். வயிறு காய்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "ரொட்டி நான் சுட்டுத் தர்றேன். அதுவரைக்கும் உங்களச் சாக விடமாட்டேன் மாமா. தின்னுங்க."

கிழவர் தின்றார்.